கம்ப்யூட்டரை மாற்றணுமா, உள்ளே இருப்பதை மாற்றினால் போதுமா?



நம் கூட்டமைப்பு அலுவலகங்கள் பலவற்றில் பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் அதில்தான் ஏறியிருக்கிறது. "இது பழசாயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் என்ன செய்வது? முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்பது உறுப்பினர்கள் கட்டிய சந்தாப் பணம். யோசித்துத்தான் செலவு செய்யணும். அதற்குத்தான் இந்த மாதப் பாடம்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன?

தமிழில் இதை இயங்குதளம் என்பார்கள். நம் குழுவில் ஊக்குநர் செய்யும் வேலையை, கம்ப்யூட்டருக்குள் இது செய்கிறது. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து வேலை வாங்குவது இதுதான். நம்மில் பலருக்குத் தெரிந்தது விண்டோஸ். லினக்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. ஊக்குநர் மாறினாலும் குழுவின் சேமிப்பு மாறுவதில்லை. ஆனால் நோட்டுகளைச் சரிபார்த்து ஒப்படைக்கணும் இல்லையா? இங்கேயும் அதே கதைதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனியே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கால நீட்டிப்பு உண்டு. அதனால் கம்ப்யூட்டர் ஒன்றும் நின்றுபோகாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் திருத்தம் கிடைக்காது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், 2017-க்கு முன் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதற்குத் தகுதி பெறுவதில்லை.

லினக்ஸ் யாருடையது?

1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இதைத் தொடங்கினார். பிறகு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அது திருட்டு ஆகாது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று இதில் பல வகை உண்டு. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு வந்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கலாம். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

லினக்ஸ் மின்ட் ஓட 2 ஜிபி ராம் இருந்தாலே போதும். 4 ஜிபி இருந்தால் சிரமமில்லாமல் ஓடும்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

1. முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள். எல்லா ஃபைல்களையும் இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி மாத மொத்தம் ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2. என்னென்ன வேலை செய்கிறோம் என்று பட்டியல் போடுங்கள். எக்செல், வேர்டு ஃபைல்களை லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் திறக்கும். சில இடங்களில் கோடு, கட்டம் சற்று மாறித் தெரியலாம். டேலி லினக்ஸுக்காகச் செய்யப்பட்டதல்ல. டேலியில் கணக்கு எழுதுகிற கூட்டமைப்பு ஆடிட்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

3. தமிழைச் சோதியுங்கள். யூனிகோடில் அடித்தது அப்படியே தெரியும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தீர்மானங்கள் புரியாத எழுத்துகளாக வரலாம். அந்த எழுத்துருவையும் மறக்காமல் பிரதி எடுங்கள்.

4. போடாமலே பார்க்கலாம். லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. பிரிண்டர், இன்டர்நெட், தமிழ் டைப்பிங், வங்கி இணையதளம் எல்லாம் சரியா என்று பாருங்கள். பிடிக்கவில்லையா? பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் பழைய விண்டோஸ் அப்படியே வரும்.

5. போடும்போது பக்கத்தில் இருங்கள். "பழையதை அழித்துவிட்டுப் போடவா, பக்கத்திலேயே போடவா" என்று கம்ப்யூட்டர் கேட்கும். அழி என்று கொடுத்தால் டிஸ்கில் இருக்கிற எல்லாமே போய்விடும். இடம் இருந்தால் முதல் சில மாதங்கள் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

6. கணக்காளர் ஒருவர் மட்டும் கற்றால் போதாது. அவர் லீவு போட்டால் அலுவலகமே நின்றுவிடும். குறைந்தது மூன்று பேர் பழகணும்.

ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் போட்டாலும் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டினால், ஓடிபி நம்பரைப் போனில் யாருக்காவது சொன்னால், பணம் போகத்தான் செய்யும்.

முடிவு யார் எடுப்பது?

கடைக்காரரும் இல்லை, கணக்காளரும் இல்லை, என்னைப் போன்ற களப் பணியாளரும் இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பது உங்கள் கணக்கு. "நமக்கு என்னங்க தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். வங்கிக்குப் போகவே தயங்கிய நாம்தான் இன்று லட்சக்கணக்கில் கடன் வாங்கி, ஒழுங்காகக் கட்டுகிறோம். செயற்குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகே கம்ப்யூட்டரில் கை வைக்கட்டும்.

கூட்டத்தில் பேசிப் பார்க்க:

- நம் கணக்கின் பிரதி இப்போது எங்கே இருக்கிறது? கடைசியாக எடுத்தது எப்போது?
- நாளைக்கே கம்ப்யூட்டர் நின்றுபோனால், எந்தக் குழுவுக்கு எவ்வளவு கடன் பாக்கி என்று நம்மால் சொல்ல முடியுமா?
- கம்ப்யூட்டர் பழக முன்வரும் மூன்று பேர் யார்?