றொசல்லயில் ஒரு சின்னக் கடைக்கு சோலார்: மழையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

மூன்று பல்ப், ஒரு ரேடியோ, போன் சார்ஜ் செய்யும் வசதி இவ்வளவுக்கும் 100 வாட் பேனல் போதும் என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். வவுனியாவில் அந்தக் கணக்கு சரி. றொசல்லயில் அதே பேனலை மாட்டினால் ஜூன் மாதம் கடை இருட்டில் கிடக்கும். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊர், இலங்கையிலேயே அதிக மழை கொட்டும் பகுதியைச் சேர்ந்தது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தாழ்நில உலர்வலயத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 4.5 முதல் 6 யூனிட் வரை வெயில் கிடைக்கும்போது, மலைநாட்டில் கிடைப்பது 2 முதல் 3.5 வரைதான்.

காசல்ரீ நீர்த்தேக்கமும் லக்சபான மின்நிலையங்களும் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் இடத்திலேயே ஒரு தோட்டக் கடை மெழுகுவர்த்தியில் வியாபாரம் பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. சாதாரண நாளிலும் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும். மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் சாமான் வாங்க வரும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் வெளிச்சம் இல்லையென்றால் அன்றைய வியாபாரமே போய்விடும்.

முதல் வேலை கொப்பியும் பேனாவும் எடுப்பது. 9 வாட் பல்ப் மூன்று, 5 மணி நேரம் எரிந்தால் 135 வாட்-மணி. போன் சார்ஜுக்கு 60, ரேடியோவுக்கு 50, டிஜிட்டல் தராசுக்கு 20. மொத்தம் 265, கையிருப்போடு 300 என்று வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சின்னப் பெட்டிகூட இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

வயரிலும் பெட்டரியிலும் வீணாவது போக, பேனல் தருவதில் 65 சதவீதம்தான் கைக்கு வரும். மோசமான மாதத்துக்கு 2 யூனிட், அதாவது 2 மணி நேர முழு வெயில் என்று எடுத்து, 300ஐ 2ஆலும் 0.65ஆலும் வகுத்தால் 230 வாட். வவுனியாவுக்கு 5 மணி நேரம் என்று போட்டால் இதே கடைக்கு 92 வாட்தான் வரும். ஆகவே இங்கே 120 வாட் பேனல் இரண்டு வாங்குங்கள். கையில் காசு மிஞ்சினால் அதையும் பேனலிலேயே போடுங்கள். பெரிய பெட்டரி வாங்கி, அதை நிரப்ப வெயில் இல்லாமல் தவிப்பதில் பயனில்லை.

பெட்டரிக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேட் வகை நல்லது. வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்கும். ஈய அமிலப் பெட்டரி என்றால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, அதனால் இரண்டு நாள்தான். லொறியில் கழற்றிய பழைய பெட்டரி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அது இஞ்சினைக் கிளப்பச் செய்தது. தினமும் இறங்கி ஏறினால் சீக்கிரம் செத்துவிடும்.

பேனலுக்கும் பெட்டரிக்கும் நடுவில் வைக்கும் கொன்ட்ரோலர் 20 ஆம்பியர். 18 வோல்ட் பேனலுக்குச் சாதாரண பிடபிள்யூஎம் வகை போதும். வீட்டுக்கூரைக்குப் போடும் பெரிய 400, 500 வாட் பேனல் ஒன்றை மாட்டுவதானால் எம்பிபிடி வகை கட்டாயம் வேண்டும். அந்தப் பேனல்களின் திறந்த சுற்று வோல்டேஜ் 50ஐத் தொடும், குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும். 50 வோல்ட் வரைதான் தாங்கும் என்று எழுதியுள்ள கொன்ட்ரோலரில் அதை இணைத்தால் எரிந்துபோகும்.

கடை தோட்டக் கட்டடத்தில் இருந்தால் கூரையில் கை வைக்கும் முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தகரத்தில் துளை போடும்போது நெளிவின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் வேண்டாம். மழைத் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்தான். ஆணி வேண்டாம், ரப்பர் வாஷர் போட்ட ஸ்க்ரூ, அதுவும் கீழே இருக்கும் மரச்சட்டத்தில் ஏற வேண்டும். வெறும் தகரத்தில் பிடித்த பேனலை ஒரு காற்று தகரத்தோடு கொண்டுபோய்விடும்.

எந்தப் பக்கம் திருப்புவது? புத்தகங்கள் தெற்கு என்கின்றன. நமக்கு நிலநடுக்கோடு பக்கத்தில் இருப்பதால் திசை அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. மார்ச், ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் காலை வெளுத்து, பின்னேரம் இடியோடு மழை கொட்டுவதே இங்கே வழக்கம். அதனால் எதிர்மலை மறைக்காத இடமாக இருந்தால் கிழக்குச் சாய்வே மேல். 10 முதல் 15 பாகை சரிவு இருக்கட்டும். தட்டையாக வைத்தால் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கி, சட்டத்தை ஒட்டிப் பச்சைக் கோடாகப் பாசி பிடிக்கும். விரல் அகலப் பாசிகூட கீழ்வரிசைச் செல்களை மறைத்து, பேனல் தரும் கரண்டில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை துணியால் துடையுங்கள். நிழல் மரத்தின் கிளைக்கும் இதே கதைதான்.

பேனலிலிருந்து கொன்ட்ரோலருக்கு 10 மீட்டர் என்றால் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள், 0.8 வோல்ட்தான் குறையும். வீட்டு பிளக்குக்குப் போடும் 2.5 வயரில் 2 வோல்ட் போய்விடும், 18 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. பெட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வைக்காமல் எதையும் இணைக்காதீர்கள். ஈய அமிலப் பெட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அதைக் காற்றோட்டமான மூலையில் பலகைமேல் வையுங்கள். மண்ணெண்ணெய், காஸ் சிலிண்டர் பக்கத்தில் கூடாது.

இணைக்கும் வரிசை: முதலில் பெட்டரியைக் கொன்ட்ரோலருக்கு, பிறகு பேனலை, கடைசியில் பல்ப்களை. கழற்றும்போது தலைகீழாக. பல்ப்களை 12 வோல்ட் வகையாகவே வாங்குங்கள். இன்வேர்ட்டரில் ஓட்டினால் வீண் செலவு. தராசுக்கு மட்டும் வேண்டுமானால் 300 வாட் இன்வேர்ட்டர் போதும், ஆனால் அதை லைன் கரண்ட் வரும் வயரிங்கோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிருக்கு அது ஆபத்து. 2016இல் தொடங்கிய சூரியபல சங்கிராமயவின் கீழ் கூரையில் சோலார் போட்டு மின்சாரத்தை லைனுக்கு விற்கும் திட்டம் வேறு. பெட்டரி இல்லாத அந்த அமைப்பு, லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்.

இடி இறங்கும் பின்னேரங்களில் பேனல் வயரைப் பிரிக்க ஒரு சுவிட்ச் வையுங்கள்; பேனல் சட்டத்திலிருந்து நிலத்துக்கு எர்த் வயரும் இறக்குங்கள்.

முதல் மழைக்காலம் முழுக்க, கடை சாத்தும்போதும் திறக்கும்போதும் பெட்டரி வோல்டேஜைக் கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். ஈய அமிலப் பெட்டரி, காலையில் எதுவும் எரியாத நேரத்தில், 12.2க்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் ரேடியோவை நிறுத்துங்கள், ஒரு பல்ப்பையும் அணையுங்கள். லிதியத்தில் வோல்டேஜ் கடைசிவரை காட்டிக்கொடுக்காது; அதற்கு மீதிச் சதவீதம் காட்டும் மீற்றர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஓகஸ்ட் வரையான எண்களைப் பார்த்தபின் மூன்றாவது பேனல் தேவையா என்று முடிவெடுக்கலாம்.