வழுக்கிய ஸ்க்ரூவும் வழக்கமான நம்பிக்கைகளும்

யமஹா ஆர்எக்ஸ்100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அந்த வண்டியைப் பிரித்து மாட்டுகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபின் புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், கார்ப்ரேட்டர் இப்போது பழைய வண்டிக்காரர்களின் கவலை. அந்தக் கவலை பெரும்பாலும் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களில்தான் தொடங்குகிறது. ஒன்று வழுக்கினால் போதும். “தலை தேஞ்சிடுச்சு, இனி பாடியே வேஸ்ட்” என்று தீர்ப்பு வந்துவிடும். சில ரூபாய் ஸ்க்ரூவுக்காக நல்ல மிக்குனி கார்ப்ரேட்டர் ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போவது வேதனையான விஷயம். அது தவிர்க்கக்கூடியது என்பதால் வேதனை இன்னும் கூடுகிறது.

“ஸ்டார் டிரைவர் எல்லாம் ஒண்ணுதான்.” பட்டறைகளில் அதிக சேதம் செய்த நம்பிக்கை இது. ஸ்டார் டிரைவர் என்று கடையில் கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஃபிலிப்ஸ் முனை. 1930களில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளில் பரவிய வடிவம். ஜப்பானிய வண்டிகளும், அவற்றின் வழியில் இங்கே தயாரான வண்டிகளும் கொண்டுவந்த கார்ப்ரேட்டர்களில் இருப்பதோ பெரும்பாலும் ஜப்பானியத் தர அளவுப்படியான, ஜேஐஎஸ் எனப்படும் கூட்டல்குறி ஸ்க்ரூ. தூரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தலையில் கூட்டல்குறிக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளிக் குழி இருந்தால் அது ஜேஐஎஸ் என்பதற்கு நல்ல அடையாளம். (புள்ளி இல்லாதவையும் உண்டு.)

ஃபிலிப்ஸ் முனை அந்தக் குழிக்குள் அடிவரை இறங்காமல் பாதியில் தட்டி நின்றுவிடும். குழியின் மேல்விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு திருகும்போது, சாய்ந்த பக்கங்களில் ஏறி முனை வெளியே எழும்பும். ஒவ்வொரு எழும்பலும் விளிம்பிலிருந்து கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். மூன்று முறை வழுக்கினால் குழி வட்டமாகிவிடும். ஸ்க்ரூ பழசானதால் தேய்ந்தது என்று பழி அதன்மேல் விழுகிறது, தேய்த்தது டிரைவர்தான். 2ஆம் நம்பர் ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று கையில் இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதிக்கு வேலையே இருக்காது. அது கிடைக்காத இடத்தில், ஃபிலிப்ஸ் முனையின் நுனியைக் கிரைண்டரில் துளி தேய்த்துவிட்டு ஆழமாக இறங்க வைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அது சரியான வேலைதான். முனையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவினால் பிடிமானம் இன்னும் கூடும். ரப்பர் பேண்டை நடுவில் வைத்துத் திருகும் வித்தை மர ஸ்க்ரூவுக்கு உதவலாம். வருஷக்கணக்கில் இறுகிய கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவில் ரப்பர் கிழிவதுதான் மிச்சம்.

இறுகுவது ஏன்? கார்ப்ரேட்டரின் உடல் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை, ஸ்க்ரூ இரும்பு. இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு இடையில் ஈரம் புகுந்தால் மென்மையான உலோகம் அரிக்கப்பட்டு, மரைக்குள் வெள்ளைப் பொடியாக இறுகும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்த அரிப்பு வேகமெடுக்கும்.

“டபிள்யூடி-40 அடிச்சா உடனே கழண்டுவரும்” என்பது அடுத்தது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகவே உருவான திரவம் அது. பெயரில் இருக்கும் 40, நாற்பதாவது முயற்சியைக் குறிக்கிறது. ஓரளவு ஊடுருவும், ஆனால் இறுகிய மரைக்கென்றே செய்த ஊடுருவும் எண்ணெய்கள் தனியாக இருக்கின்றன. எதை அடித்தாலும் ஒரு ராத்திரியாவது ஊற விடவேண்டும்.

சூடு காட்டினால் ஸ்க்ரூ விரிந்து இன்னும் இறுகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு டிகிரிக்கும் இரும்பு மீட்டருக்கு சுமார் 12 மைக்ரான் விரியும். அலுமினியம் 23, துத்தநாகக் கலவை 27. எனவே உடலிலுள்ள துளைதான் அதிகம் அகலும். நான்கு மில்லிமீட்டர் துளையில் 70 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் இடைவெளி மூன்று, நான்கு மைக்ரான்தான். ஆனாலும் அரிப்பின் பிடி விடுவதற்குப் பல சமயம் அதுவே போதும். இதற்குப் பெட்ரோலை முழுசாக வடித்து உலர்த்திய கார்ப்ரேட்டரைக் கொதிநீரில் வைத்தெடுப்பதோ, ஹீட் கன்னைக் கொஞ்ச நேரம் காட்டுவதோ போதும். கேஸ் டார்ச் பக்கமே போகக்கூடாது. துத்தநாகக் கலவை 380 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி அதற்கு முன்பே தீப்பிடிக்கும்.

இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பது இன்ஜின் சைடு கவர் ஸ்க்ரூக்களுக்கு அருமையான வழி. கார்ப்ரேட்டரில் அதே அடி, ஸ்க்ரூ இறங்கும் மெல்லிய காதை உடைத்துவிடும். இங்கே தேவை, மரக்கட்டை மேல் வைத்து டிரைவர் தலையில் விழும் சின்னச் சின்னத் தட்டுகள். பிறகு கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன், இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பிப் பார்க்கலாம். பொடி நொறுங்கினால் கையிலேயே தெரியும்.

இத்தனையும் தோற்றால், பலரும் ஓடுவது ‘ஈஸி அவுட்’டிடம். அது உடைந்த போல்ட்டுக்கெல்லாம் சர்வரோக நிவாரணி என்ற நம்பிக்கை இந்த அளவில் ஆபத்தானது. நான்கு மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்குள் போகும் ஈஸி அவுட் மிகவும் மெல்லியது. கடினமாக்கிய எஃகு என்பதால் வளையாது, பட்டென்று ஒடியும். உள்ளே ஒடிந்த துண்டைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது.

அதைவிட நல்ல வழி, பார்ப்பதற்குத்தான் முரட்டுத்தனமாகத் தெரியும்: தலையையே எடுத்துவிடுவது. தேய்ந்த குழி டிரில் பிட்டைத் தானாக நடுவில் நிறுத்திக்கொள்ளும். முதலில் சின்ன பிட், பிறகு 4 மில்லிமீட்டர் பிட். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தலையின் கனத்தைத் தாண்டியதும் அது ஒரு வளையமாகப் பிட்டோடு சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். அங்கேயே நிறுத்தவேண்டும். மற்ற ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கிண்ணத்தை மெல்லத் தூக்கினால், ஸ்க்ரூவின் மீதித் தண்டு சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலைக்கும் மரைக்கும் இடையில் இழுபட்டிருந்த விறைப்பு இப்போது இல்லை. வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் சிரமமில்லாமல் சுற்றிக்கொண்டு வரும். “தலை போனால் பாடி போச்சு” என்ற தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பது அந்த நேரத்தில் புரியும்.

திரும்பப் போடும்போது ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட் மாட்டினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள். வழுக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். மரையில் ஆன்டி-சீஸ் துளி தடவவேண்டும். ஆலன் கீயின் நீளமான கையைப் பிடித்து இறுக்கினால் மென்மையான உடலின் மரை சத்தமில்லாமல் உரிந்துவிடும். குட்டைக் கையை விரலால் பிடித்து, அது தடுக்கும் இடத்தில் விட்டால் போதும். இந்த ஸ்க்ரூக்களுக்கு அதற்குமேல் பலம் வேண்டாம்.

டிரில் போட்ட கார்ப்ரேட்டரை அப்படியே மாட்டவும் கூடாது. ஸ்லோ ஜெட்டின் துளை தலைமுடி போல மெல்லியது. ஒரே ஒரு உலோகத் தூள் போய் அடைத்தாலும் வண்டி ஐடிலில் நிற்காது. ஜெட்டுகளைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எல்லா வழிகளிலும் காற்றடித்து, புது கேஸ்கெட் போட்டபிறகுதான் கிண்ணத்தை மூடவேண்டும்.