சமைக்கிறதா, திருடுகிறதா?

மலேரியா ஆய்வுக்குக் கிளம்பும் கண்ணுகளா, முப்பது வருசம் அந்த நோயின் ஒட்டுண்ணியைக் குடுவையில் வளர்த்துவிட்டுக் கிணத்துக்கடவுக்கே திரும்பி வந்தவன் சொல்கிறேன், கேட்டுக்குங்க.

1. முதலில் அது குடியிருக்கும் வீட்டைப் பாருங்கள். முதிர்ந்த சிவப்பணு தனக்கென்று கொழுப்பு அமிலம் செய்வதில்லை. அதற்குள் புகும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் இரண்டே நாளில் இருபது, முப்பதாகப் பெருகுகிறது. அத்தனைக்கும் புதுச் சவ்வு வேண்டும், சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். அதைச் சமைக்கிறதா, திருடுகிறதா? உங்கள் வேலையே இந்தக் கேள்விதான்.

2. "கொழுப்பு" என்று மொத்தமாகப் பேசாதீர்கள். எத்தனை கார்பன் என்று கேளுங்கள். நம் தோப்புத் தேங்காய் எண்ணெயில் மிகுதி 12 கார்பன் லாரிக் அமிலம். குடுவையில் ஒட்டுண்ணி வளர 16 கார்பன் பால்மிடிக்கும் 18 கார்பன் ஒலீயிக்கும் சேர்ந்து வேண்டும்.

3. குடுவையில் ஊற்றும் சீரத்தை நம்பிக் கெடாதீர்கள். விருந்து சாப்பிட்ட கையோடு ரத்தம் கொடுத்தவரின் சீரம் பால்போல் கலங்கியிருந்தது. தெரிந்தே பயன்படுத்தினேன், அந்த வாரக் கணக்கு முழுக்கக் குப்பைக்குப் போனது. கொடுத்தவர் சாப்பிட்டாரா என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

4. பெங்களூரின் கதையைப் படியுங்கள். ஒட்டுண்ணிக்குள் ஏபிகோபிளாஸ்ட் என்றொரு பை உண்டு. ஆதியில் அது ஒரு பாசி. பாக்டீரியா பாணியில் கொழுப்பு அமிலம் செய்யும் நொதிகள் அதற்குள் இருக்கின்றன. மனிதனிடம் அந்தப் பாணி வேறு. பெங்களூரில் நமிதா சுரோலியாவும் அவதேஷ சுரோலியாவும் 2001இல், அப்போது பற்பசையிலும் சோப்பிலும் போட்டுவந்த ட்ரைக்ளோசான் அவற்றில் ஒரு நொதியைத் தடுத்து ஒட்டுண்ணியைக் கொல்வதாகக் காட்டினார்கள். மலேரியா பிடித்த எலிகளும் பிழைத்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அன்றைக்குப் பேச்செல்லாம் அதுதான்.

5. அதே கதையின் மறுபாதியையும் படியுங்கள். 2008இல் அந்த நொதியின் மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணி சுகமாக வளர்ந்தது. கல்லீரலுக்குள் வளர்வதுதான் தடுமாறியது. ரத்தத்தில் ஓசியில் கிடைப்பதைத் திருடிக்கொள்கிறது, ஈரலில் கடைசி நேரத்தில் தானே சமைக்கிறது. ட்ரைக்ளோசான் வேறு பாதையான ஃபோலேட் பாதையின் நொதி ஒன்றையும் தடுக்கிறது என்று 2018இல் தெரிந்தது. மருந்து கொன்றது மெய். எந்த வழியில் என்பதில்தான் சிக்கல்.

6. ஆகவே, அடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் சமையல் நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். மரபணு இருக்கிறது என்பது ஒரு சேதி. அதை நீக்கினால் ஒட்டுண்ணி சாகிறதா, எந்தப் பருவத்தில் சாகிறது என்பது வேறு சேதி. இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தைப் பற்றிப் பேசுங்கள்.

7. ஞாயிறு, பொங்கல் பார்க்காமல் தினமும் குடுவையின் வளர்ப்பு ஊடகத்தை மாற்றுங்கள். மாடு வைத்திருப்பவனுக்கு லீவு ஏது?

8. ஊருக்கு வந்தால் வீட்டு மேல்தொட்டியையும் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். மலேரியா பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுவது அப்படிப்பட்ட இடங்களில்தான். நம் ஊர்ப் பேரிலேயே கிணறு இருக்கிறது, மறக்காதீர்கள். தொட்டிக்கு மூடி போட்டுவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.