அடைமழைக் காலத்தில் முடி வளர்ப்போருக்கு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். கொடியில் போட்ட துணியும் காயாது, குளித்த தலையும் காயாது. தோளோடு வெட்டிய முடியை இடுப்புவரை வளர்க்க நினைப்பவர்கள் இந்த மூன்று மாதம் நுனியைக் காப்பாற்றினாலே போதும். வேர் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 15 செ.மீ. முடி வளர்கிறது. அந்த வேகத்தை எந்த எண்ணெயாலும் கூட்ட முடியாது. அப்படியிருந்தும் பலருக்குத் தோளைத் தாண்டி முடி இறங்காததற்குக் காரணம், மேலே வளர்கிற அளவு கீழே முறிந்துபோவதுதான். இடுப்பைத் தொடும் முடியின் நுனிக்கு வயது நான்குக்கு மேல். பழைய பட்டுப்புடவையைக் கையாளும் பக்குவம் அதற்கு வேண்டும்.

முதலில் ஈரம். முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும்போது அதன் உள்பிணைப்புகள் தளர்கின்றன. அந்த நேரத்தில் இழுத்தால் நீண்டு, பின் அறும். எனவே இப்போது செய்ய வேண்டிய பெரிய மாற்றம், தலைக்குக் குளிக்கும் நேரத்தை மாற்றுவது. செவ்வாய், வெள்ளி காலையில்தான் என்ற வழக்கம் உள்ள வீடுகளில் மழை விடும்வரை அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். முற்பகலில், வெளியே போகும் வேலை இல்லாத நாளில் குளியுங்கள்.

பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள்தான் இதில் அதிகம் அவதிப்படுகிறார்கள். திங்கள் காலை அவசரமாகத் தலைக்கு ஊற்றி, சொட்டச் சொட்ட ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்து ரிப்பன் கட்டி அனுப்புகிறோம். மாலையில் அவிழ்த்தால் உள்மடிப்பு இன்னும் ஈரமாக இருக்கும், வாடையும் அடிக்கும். தலையில் பூஞ்சை பெருக இதைவிட வசதி வேண்டாம். ஞாயிறு முற்பகலே குளிப்பாட்டிவிடுங்கள். திங்கள் காலை உலர்ந்த முடியில் பின்னினால் பின்னலும் கலையாமல் நிற்கும்.

துவட்டும்போது துண்டால் அடிக்கவோ தேய்க்கவோ வேண்டாம். மெல்லிய பருத்தித் துண்டிலோ பழைய வேட்டியிலோ பொத்திப் பிழிந்து, விரலால் பிரித்து விடுங்கள். நேர்முடிக்காரர்கள் முக்கால்வாசி உலர்ந்தபின் அகலப்பல் சீப்பை எடுக்கலாம். சுருள்முடி உலர்ந்தால் சிக்கு இறுகும் என்பதால், கண்டிஷனர் தடவிய ஈரத்திலேயே பிரிப்பது நல்லது. யாராக இருந்தாலும் நுனியில் தொடங்கி மேலே வாருங்கள். ஹேர் டிரையரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் மிதமான சூட்டில் காட்டினால், நாள் முழுக்க ஈரத்தில் ஊறவிடுவதைவிட அது நல்லது. சாம்பிராணி போடுபவர்கள் தணலைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் அறையில் புகை வேண்டாம்.

மழையில் நனைந்து வீடு வந்தால் முதல் வேலை, கட்டை அவிழ்ப்பது. மழைத்தண்ணீரால் முடிக்குக் கெடுதல் இல்லை. நனைந்த முடி ஹெல்மெட்டுக்குள்ளும் கொண்டைக்குள்ளும் அடைந்து கிடப்பதுதான் கெடுதல். வண்டி ஓட்டுபவர்கள் உச்சிக்கொண்டையைத் தவிர்த்து, பிடரியில் தளர்வாகப் பின்னி, மழைக்கோட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயை விட வேண்டியதில்லை, வைக்கும் முறையை மாற்றினால் போதும். தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளேயே இறங்கக்கூடியது. தண்ணீரில் முடி அளவுக்கு மீறி உப்பாமல் அது தடுக்கும். அதனால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முடியின் நீளம் முழுதும், குறிப்பாக நுனியில் தடவுங்கள். பொடுகு இருப்பவர்கள் மண்டையில் எண்ணெய் ஊறவிட வேண்டாம். பொடுகுக்குக் காரணமான நுண்பூஞ்சை கொழுப்பைத்தான் தின்கிறது. தீபாவளிக்கு நல்லெண்ணெய் வைத்தாலும் அரை மணியில் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு முழுதும் எடுத்துவிடுங்கள். சீயக்காய்த் தூளை நன்றாகச் சலித்துக் கரையுங்கள். சலிக்காத தூளின் திப்பி முடியில் தங்கி, சீவும்போது இழுக்கும்.

இனிக் கட்டும் விதம். தோளுக்கும் முதுகுக்கும் நடுவில் நிற்கும் முடிதான் பொறுமையைச் சோதிக்கும். பின்னினால் பக்கவாட்டில் பிதுங்கும், விரித்தால் கழுத்தில் ஒட்டும். பழைய லேயர் வெட்டின் குட்டை முடிகளை இருபுறமும் முறுக்கிப் பின்னால் கொண்டுபோய் கிளிப் போடுங்கள். மீதியைத் தளர்ந்த பின்னலாகவோ கழுத்தை ஒட்டிய சின்னக் கொண்டையாகவோ விடலாம். துணி சுற்றிய பேண்டு போதும், மளிகைப் பொட்டலத்து ரப்பர் வேண்டவே வேண்டாம். வகிட்டை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். பின்னல் போட்டதும் நெற்றியோரம் வலித்தால் அது இறுக்கம். அதே இறுக்கம் தொடர்ந்தால் காதோர முடி நிரந்தரமாகவே போகக்கூடும். முகூர்த்தங்களுக்குச் சவுரி வைப்பவர்கள் சடங்கு முடிந்ததும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரத்தோடு தூங்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சென்டிமீட்டர் நுனி வெட்டுங்கள். வெட்டுவதால் முடி வேகமாக வளராது, ஆனால் பிளவு மேலே ஏறாது. வளர்ந்ததில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

இந்தப் பருவத்தின் காய்ச்சலைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா வந்து தேறியவர்களுக்கு இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டலாம். அக்டோபர் காய்ச்சலின் விளைவு பொங்கல் சமயத்தில் சீப்பில் தெரியும். பயந்து முடியை வெட்டிவிடாதீர்கள், விலை உயர்ந்த தைலங்களுக்கும் ஓடாதீர்கள். வேர் செத்துப்போகவில்லை, ஓய்வெடுக்கிறது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று புதுமுடி முளைக்கும். முட்டை, பயறு, கீரை, கடலை எனப் புரதமும் இரும்பும் சேருங்கள். திட்டுத் திட்டாக உதிர்ந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போய் இரும்புச்சத்தும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் விடியற்காலை கோயிலுக்குப் போகிறவர்கள், முதல்நாள் மதியமே தலைக்குக் குளித்து உலர்த்திவிட்டு, காலையில் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.