பியூஸ் ஏன் போச்சு? டியூப் கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் பழுது தேடுவது எப்படி



வீட்டுல பியூஸ் போனா என்ன பண்ணுவோம்? கேரியரைப் பிடுங்கி, பழைய வயர்ல இருந்து ஒரு செம்பு இழையை உருவி முறுக்கி மாட்டிடுவோம். திரும்பவும் போச்சுன்னா ரெண்டு இழை! அதே பழக்கத்தோட டியூப் கிட்டார் ஆம்ப்ளிஃபையரைத் தொட்டீங்கன்னா, காசு கம்மியான பியூஸைக் காப்பாத்திட்டு, விலை அதிகமான டிரான்ஸ்ஃபார்மரை எரிச்சிடுவீங்க. பியூஸ் போனது பழுது இல்லை. உள்ளே எங்கேயோ பழுது இருக்குன்னு அது சொல்லிட்டுப் போகுது. அந்தப் பழுது எங்கே இருக்குன்னு ஒழுங்கா தேடுவது எப்படின்னு இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

உதாரணத்துக்கு 1960களில் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் செய்த டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கலாம். மெயின்ஸ் மின்சாரம் பியூஸ், சுவிட்ச் வழியா பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகுது. ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் டியூப் ஏசியை டிசியாக்குது. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைச் சீராக்குது. அங்கிருந்து 400 வோல்ட்டுக்கு மேல டிசி, ரெண்டு 6வி6 பவர் டியூப்களுக்குப் போகுது. இந்த நாலு கட்டத்துல ஏதோ ஒண்ணுலதான் பழுது இருக்கும்.

முதல்ல உயிர்

பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல அந்த 400 வோல்ட் தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். அதனால 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரோட ஒரு முனையை இன்சுலேட்டட் கிளிப்பால் சேஸிஸ்ல மாட்டுங்க. இன்னொரு முனையை ஒவ்வொரு கெப்பாசிட்டரோட பாசிட்டிவ் முனையிலும் பத்து விநாடி வைங்க. 32 மைக்ரோஃபாரட்டை 10 கிலோ ஓமால் பெருக்கினா டைம் கான்ஸ்டன்ட் 0.32 விநாடி, அதில் ஐந்து மடங்கு 1.6 விநாடி. அப்போ பத்து விநாடி தாராளம். ஆனாலும் மீட்டர் வைத்து பூஜ்யம்னு பார்த்த பிறகுதான் கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ற வித்தை வேண்டாம். லேப்ல தனியா இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

போன பியூஸைப் பாருங்க

கண்ணாடி கருத்துப்போயோ வெள்ளி பூசின மாதிரியோ இருந்தா, பெரிய கரண்ட் ஒரேயடியா ஓடியிருக்கு, நேரடி ஷார்ட். கண்ணாடி சுத்தமா இருந்து கம்பி மட்டும் நடுவுல அறுந்திருந்தா, கொஞ்சம் அதிகமான லோடு நேரம் எடுத்து உருக்கியிருக்கு, இல்லைன்னா பியூஸுக்கே வயசாயிடுச்சு.

எப்போ போச்சு என்பதும் முக்கியம். சுவிட்ச் போட்ட உடனே போனா மெயின்ஸ் வயரிங், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் சந்தேகப்படுங்க. டியூப்கள் சூடாகி பத்து இருபது விநாடி கழித்துப் போனா ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர், பவர் டியூப் பக்கம்.

வயரிங்ல ஒரு பொறி

ஃபேஸ் வயர் முதல்ல பியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. எர்த் வயருக்கு சேஸிஸ்ல தனி போல்ட். இதுதான் சரியான வரிசை. ஆனா அமெரிக்க வயரிங்ல கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம்ம ஊர் பழைய வயரிங்ல சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல்! கறுப்புக்குக் கறுப்புன்னு இணைச்சா பியூஸ் நியூட்ரல் பக்கம் போயிடும். பியூஸ் போய் ஆம்ப் அணைஞ்சிருக்கும். ஆனா உள்ளே ஃபேஸ் உயிரோட இருக்கும். நிறத்தை நம்பாம மீட்டரை நம்புங்க.

பழைய ஆம்ப்ல மெயின்ஸ் வயருக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனா சேஸிஸ்லயும் கிட்டார் கம்பியிலயும் மெயின்ஸ் வந்துடும். அதனால அதுக்கு 'டெத் கேப்'னே பேரு. மூணு பின் பிளக் போடும்போது அதைக் கழட்டிடணும்.

சீரிஸ் பல்பு

அடுத்தடுத்து பியூஸ் போட்டு எரிக்க வேண்டாம். 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை ஃபேஸ்ல சீரிஸா இணைங்க. உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் 100 ÷ 230, அதாவது சுமார் 0.43 ஆம்பியர்தான் ஓடும். பல்பு ஒரு முறை மின்னிட்டு மங்கினா நல்லது. முழு வெளிச்சத்துல நின்னா ஷார்ட் இருக்கு. எல்இடி பல்பு இதுக்கு உதவாது. சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறுற இழை வேணும்.

இப்போ ஒவ்வொண்ணா

1. எல்லா டியூப்களையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. பல்பு பிரகாசமா எரிஞ்சா, டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரி வயர்களைப் பிரித்து, முனைகளை டேப் சுத்தி மறுபடி பாருங்க. அப்பவும் எரிஞ்சா பிரைமரி பக்க வயரிங்கைச் சரிபாருங்க. அதுவும் சரியா இருந்தா டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. உள்ளே சில சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தா ஓம் மீட்டர் காட்டாது; பல்பு காட்டிடும்.

2. பல்பு மங்கலா இருந்தா, டியூப் இல்லாமலேயே 6வி6 சாக்கெட்டின் 5ஆம் பின்னை அளங்க. அங்கே சில பத்து வோல்ட் நெகட்டிவ் இருக்கணும். அதுதான் பயாஸ். அது இல்லைன்னா டியூப் கட்டுப்பாடு இல்லாம கரண்டை இழுத்து, பிளேட் சிவக்கும். பயாஸ் டையோடு, அதோட கெப்பாசிட்டர் ரெண்டையும் பாருங்க.

3. பிளக்கைப் பிடுங்கி, டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, முதல் ஃபில்டர் கெப்பாசிட்டரை ஓம் மீட்டரால் அளங்க. மதிப்பு மெதுவா ஏறினா சார்ஜ் ஆகுது. பூஜ்யத்துலயே நின்னா அந்த லைன்ல ஷார்ட். சரியா இருந்தா ஜிஇசட்34ஐ மட்டும் போட்டு அரை நிமிஷம் பாருங்க. இப்போ பல்பு பிரகாசமானா ரெக்டிஃபையர் டியூபோ, வோல்டேஜ் ஏறினதும் உடையுற கெப்பாசிட்டரோ காரணம். கெப்பாசிட்டர் மாத்தும்போது 'பெரிசா போட்டா இரைச்சல் குறையும்'னு 100 மைக்ரோஃபாரட் போடாதீங்க. ஜிஇசட்34 தாங்குறது 60 வரைக்கும்தான்.

4. கடைசியா பவர் டியூப், ஒரு நேரத்துல ஒண்ணு. பல்பு பிரகாசமானா டியூப்களை இடம் மாத்திப் பாருங்க. பழுது டியூபோட போனா டியூப் கெட்டது. அதே சாக்கெட்டுல நின்னா சாக்கெட், கசியும் கப்ளிங் கெப்பாசிட்டர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்.

சரியான பியூஸ்

பழுதைச் சரிபண்ணின பிறகு, ஆம்ப்ல எழுதியிருக்கிற அதே மதிப்பு, அதே வகை. 'டி'ன்னு போட்டிருந்தா மெதுவா உருகுறது, 'எஃப்'னா சட்டுன்னு உருகுறது. ஆன் பண்ற நேரத்துல டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் இழுக்கிற கரண்டுக்காகத்தான் மெதுவா உருகுற வகை.

120 வோல்ட் ஆம்ப்பை நேரா நம்ம 230ல சொருகக் கூடாது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும். ரெண்டு வோல்டேஜுக்கும் மாத்திக்கிற ஆம்ப்பா இருந்தா, 230க்கு மாத்தும்போது பியூஸையும் மாத்தணும். பவர் அதேதான், வோல்டேஜ் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதனால கரண்ட் பாதி. 120க்கான 2 ஆம்பியர் பியூஸ் அப்படியே இருந்தா, அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு பெரிய பியூஸ்தான். ரெண்டு இழை செம்பு போட்ட கதையேதான் அதுவும்!

அடுத்த முறை பியூஸ் போனா கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி, ஒரு குண்டு பல்பைத் தேடி எடுங்க நண்பர்களே.