36 வயசில் ஓய்வு: ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரரின் வரிக் கணக்கு

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் நட்சத்திரம் லான்ஸ் ஃபிராங்க்ளின், 2013-ல் சிட்னி ஸ்வான்ஸ் அணியோட 9 வருஷத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2023-ல் ஓய்வு, வயசு 36 தான்.

இப்படிக் கொஞ்ச காலமே சம்பாதிக்கிறவங்களுக்கு அங்கே வரியில் ஒரு சலுகை உண்டு. முந்தைய 4 வருஷ விளையாட்டு வருமானச் சராசரி 1 லட்சம் டாலர், இந்த வருஷம் 3 லட்சம்னு வச்சுக்கோங்க. கூடுதல் 2 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40,000-ஐ மட்டும் சராசரிக்கு மேல வச்சு, அதுக்கு வர்ற வரியை 5-ஆல் பெருக்குவாங்க. 45% ஸ்லாப் பக்கமே போகாது! நல்ல சட்டம்.

ஆனா சூப்பர், அதாவது அவங்க ஊர் பி.எஃப்., பொதுவா 60 வயசுக்கு முன்னாடி கைக்கு வராது. 36-ல் ஓய்வுன்னா நடுவுல 24 வருஷம். அதுக்கான பணம் சூப்பருக்கு வெளியேதான் சேரணும்.