அழைப்புப் பதிவும் 9 பின் கேபிளும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தபொழுது, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு தீர்மானத்தைக் கண்டோம். நூல் கிடங்குக்கு உரிய நாளில் தொலைபேசி மூலம் தெரிவிக்காமையால் நூல் தாமதித்து வந்தது. 12 தறிகள் 4 நாட்கள் நின்றன. இந்த நஷ்டத்தைக் குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தாம் இரு முறை கூப்பிட்டதாகக் குமாஸ்தா எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அலுவலகத் தொலைபேசி இணைப்புப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் அழைப்புப் பதிவில், கிடங்கின் எண்ணைத் தேடியபொழுது அது அகப்படவில்லையாம்.

பதிவை நாம் வாங்கிப் பார்த்தோம். கிடங்கின் எண் இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்நாட்களில் ஒன்றில் சரக அலுவலகத்திலிருந்து நாமே அச்சங்கத்துடன் பேசியிருந்தோம். அதுவும் அதில் இல்லை! மூன்று வாரங்களாக ஒரு வரிகூட ஏறவில்லை. எப்போதிருந்து என்று விசாரித்ததில், புதுக் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் என்று தெரிந்தது. ஒரே ஓர் எண்ணைத் தேடியவர்கள் பக்கம் முழுவதும் வெறுமையாயிருந்ததைக் கவனிக்கவில்லை.

இத்தகைய இணைப்புப் பெட்டிகள் இன்னும் பல சங்கங்களில் உள்ளன. ஆதலால் அன்று செய்த சோதனைகளைச் சற்று விவரமாகவே கூறுகிறோம்.

பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே செல்வது சீரியல் கேபிள். இதற்கான ஆர்.எஸ். 232 என்னும் விதிமுறை 1960ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. கம்ப்யூட்டர் பக்கத்து 9 பின் சாக்கெட்டில் 3ஆம் பின் பேசும். 2ஆம் பின் கேட்கும். 5ஆம் பின் இரண்டுக்கும் பொது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். மூன்றே கம்பிகளால் இணைத்த இடத்தில், எதிரில் எவரேனும் கேட்கிறார்களா என்பதைப் பெட்டி அறியாது. கேட்பாரின்றியும் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டேயிருக்கும். பேசியது போனது போனதே.

புதுக் கம்ப்யூட்டரில் சீரியல் சாக்கெட் கிடையாது. ஆகவே யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிச் செருகியிருந்தனர். கன்வெர்ட்டரை வேறு துளைக்கு மாற்றினால் அதன் காம் எண்ணும் மாறக்கூடும். பதிவுப் புரோகிராமோ பழைய எண்ணிலேயே காத்துக்கொண்டிருக்கும். டிவைஸ் மானேஜரில் பார்த்தோம். எண் சரியாகவே இருந்தது. அடுத்து, கன்வெர்ட்டரின் 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்து, டெர்மினல் புரோகிராமில் எழுத்துக்களைத் தட்டினோம். தட்டிய எழுத்து திரும்பித் திரையில் வந்தது. கம்ப்யூட்டரும் கன்வெர்ட்டரும் குற்றமற்றவை. பின்னர் கேபிளைக் கன்வெர்ட்டரில் மாட்டி, பெட்டிப் பக்கத்து நுனியை மட்டும் கழற்றி, அங்கே அதேபோல் சேர்த்துப் பார்த்தோம். அப்போதும் எழுத்துத் திரும்பியது.

இங்கேதான் பலரும் ஏமாறுவது. கேபிள் நன்றாக இருக்கிறது, ஆகவே பெட்டிதான் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஜெம் கிளிப் சோதனை கம்பி அறுந்திருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். 2க்கு 2, 3க்கு 3 என்று நேராகப் போகும் கேபிளிலும் எழுத்துத் திரும்பும். 2க்கு 3, 3க்கு 2 என்று குறுக்காகப் போகும் கேபிளிலும் திரும்பும். இழை அறாமல் இருந்தால் மட்டும் போதுமா? விழுதுக் கண் மாறிப் புகுந்திருந்தால் நெசவு கெடும் என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்க வோல்ட் பார்க்கும் மீட்டர் ஒன்று போதும். சும்மா இருக்கும் நேரத்தில், பேசும் பின்னில் பொதுப் பின்னை நோக்க 3 முதல் 15 வோல்ட் வரை எதிர்மறை அழுத்தம் இருக்கும். கேட்கும் பின்னில் ஏறக்குறைய ஒன்றுமிராது. கேபிளின் பெட்டிப் பக்கத்தை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்து நுனியில் அளந்தோம். எதிர்மறை அழுத்தம் 3இல் இருந்தது, 2இல் இல்லை. கம்ப்யூட்டரும் 3இல் பேசுகிறது, பெட்டியும் 3இல் வந்து பேசுகிறது, கேட்பதற்கு ஆளில்லை. பழைய கேபிள் நீளம் போதாதென்று கடையில் புதிதாக ஒன்று வாங்கினார்களாம். பழையது குறுக்குக் கேபிள், புதியது நேர்க் கேபிள்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கம்பிகளைக் குறுக்கே மாற்றித் தரும் சிறு இணைப்பான் ஒன்றை இடையில் மாட்டியதும், உள் எண்ணிலிருந்து செய்த முதல் அழைப்பே திரையில் ஏறியது.

ஒன்றுமே வராமலிருப்பதற்குப் பதில் கன்னாபின்னாவென்று எழுத்துக்கள் வருமாயின் கேபிளைக் குறை கூறலாகாது. பெட்டியும் கம்ப்யூட்டரும் வெவ்வேறு வேகத்தில், ஒன்று 1200இலும் மற்றது 9600இலுமாக வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒன்றாக்கினால் சரியாகும்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியிலிருந்து மேசைத் தொலைபேசிகளுக்குச் செல்லும் கம்பிகளில் 48 வோல்ட் வரை இருக்கும். மணியடிக்கும்போது 75 வோல்டுக்கு மேலும் ஏறலாம். சில பெட்டிகளில் அந்தத் துளையும் சீரியல் துளையும் பார்வைக்கு ஒத்திருக்கும். மாற்றிச் செருகினால் கன்வெர்ட்டர் கருகிவிடும், கம்ப்யூட்டருக்கும் ஆபத்து. பெட்டியின் மூடியைச் சங்கத்தார் திறக்கவே கூடாது. அது பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் வேலை.

கேபிள் சரியாயிற்று, ஆனால் போன மூன்று வாரப் பதிவு திரும்பவில்லை. தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதி, அம்மாதத்து அழைப்பு விவரப் பட்டியலை வருவிக்கச் சொன்னோம். கிடங்குக்கு இரண்டு அழைப்புகள், குமாஸ்தா சொன்ன அதே நாட்களில், அதில் இருந்தன. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ரத்தாயிற்று. பிடித்த தொகையும் அவருக்குத் திருப்பித் தரப்பட்டது. முந்தைய பரிசீலனையில் இப்பதிவை எவ்விதக் கேள்வியுமின்றி ஏற்றுக் கையொப்பமிட்டவர்கள் நாமே என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்போது அச்சங்கத்தில் காலையில் முதல் அழைப்பு முடிந்ததும், அது திரையில் ஏறியதா என்று பார்த்து நாட்குறிப்பில் நேரம் எழுதுகிறார்கள். எழுதுபவர் அதே குமாஸ்தாதான். சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் காரியதரிசி.